சுவர் இல்லாத தண்ணீர்: குடியாத்தம் டீச்சர் ஒருவரின் முதல் 5 கிலோமீட்டர் கடல் நீச்சல்

குடியாத்தத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே அது செய்தியாகிவிடும் பகுதி எங்களுடையது. 2021 நவம்பரில் வெள்ளம் இரு கரையையும் தொட்டு ஓடியபோது ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் கடலில் 5 கிலோமீட்டர் நீந்தக் கிளம்பினால் எங்கே பழகுவது, எதைப் பழகுவது, எதில் தவறு நடக்கும் என்பதை முழுசாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் காட்பாடிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறேன். இது என்னிடம் பழகிய ஒருவருடைய ஆறு மாதக் கதை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவருக்கு 39 வயது. அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறார். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் அவரை டீச்சர் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணா என்பார். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கிணற்றில் கற்றவர்

டீச்சர் எட்டு வயதில் தாத்தாவின் நிலத்துக் கிணற்றில் நீச்சல் கற்றவர். முதுகில் 5 லிட்டர் எண்ணெய் கேனைக் கட்டி அப்பா தள்ளிவிட்டாராம். கொஞ்ச நாளில் கேன் போய்விட்டது. வட ஆற்காட்டுக்காரர்கள் பலருக்கும் இதுதான் நீச்சல் பள்ளி. கேனுக்குப் பதில் சிலருக்குச் சுரைக்குடுக்கை, சிலருக்கு லாரி டியூப். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள், மேலே மோட்டார் கொட்டாய், கீழே பச்சையாக அடி தெரியாத தண்ணீர்.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஆழத்துக்குப் பயப்பட மாட்டார்கள். குளத்தில் கற்ற பலர் அடியில் கோடும் டைல்ஸும் தெரியாத இடத்தில் மிரண்டுபோவார்கள், இவர்கள் மிரள்வதில்லை. ஆனால் கூடவே ஒரு பழக்கமும் வந்துவிடுகிறது. தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும், பாதி பலம் மிதப்பதற்கே போய்விடும். 12 மீட்டர் அகலக் கிணற்றில் இது உறைக்காது. 5,000 மீட்டரில் கட்டாயம் உறைக்கும்.

கடல் நீச்சலுக்குப் பேர் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது என்னிடம் இரண்டு வருடமாக ஃப்ரீஸ்டைல் பழகியிருந்தார். நிற்காமல் 1,200 மீட்டர் போவார். நிகழ்வு பிப்ரவரி கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு மீனவ ஊரில். இரண்டரை கிலோமீட்டர் சுற்று இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினோம்.

அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் நீண்ட தூரம் பழகுவது எனக்குச் சம்மதமில்லை. சூடான தண்ணீரில் உடம்பு வியர்ப்பது நமக்கே தெரியாது, சூடு வெளியேறவும் வழியிருக்காது. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பென் இறந்தார். வெதுவெதுப்பான கடல், கூடவே கடும் வெயில். மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவர் வரவில்லை என்பதே தெரிந்தது. இப்போது சர்வதேச விதிப்படி தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் போட்டி நடத்தக் கூடாது. உலகத்தரம் வாய்ந்தவருக்கே அந்த நிலை. அதனால் நான் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்கிறேன்: சூடான தண்ணீரில் நீண்ட பயிற்சி கிடையாது, கண்காணிக்க ஆள் இல்லாமல் திறந்த தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

முதல் கணக்கு

முதலில் மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தப் பரிசோதனை. இதயம் நன்றாக இருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் குறைவு, 10.4. இரண்டு வருடமாக 800 மீட்டருக்கு மேல் அவர் ஏன் வாடிப்போகிறார் என்று கேட்டு நான் அவருடைய கிக்கை, அதாவது கால் உதைப்பை, திருத்திக்கொண்டே இருந்தேன். விஷயம் கிக்கில் இல்லை. மருத்துவர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரையும் சேர்ந்துகொண்டது. டிசம்பரில் 12.1. நம் ஊர்ப் பெண்கள் யார் நீண்ட தூரம் நீந்த வந்தாலும் முதல் வாரமே இந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிடச் சொல்கிறேன்.

அப்புறம் வேகம். 400 மீட்டர் முழு முயற்சியோடு ஒரு தடவை, போதுமான ஓய்வு, பிறகு 200 மீட்டர் ஒரு தடவை. டீச்சருக்கு 400 மீட்டர் 9 நிமிடம் 20 விநாடி, 200 மீட்டர் 4 நிமிடம் 28 விநாடி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 26 விநாடி. மூச்சு வாங்கித் திணறாமல் ஓரளவு நேரம் தாங்கக்கூடிய வேகம் இது. இதைவிட 8, 10 விநாடி மெதுவாகப் போனால் இரண்டு மணி நேரம் ஓட்டலாம். காகிதத்தில் 5 கிலோமீட்டருக்கு 2 மணி 10 நிமிடம் வந்தது. மூன்று மணிக் கெடுவுக்கு 50 நிமிடம் மிச்சம். டீச்சர் கட்டம் போட்ட நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது.

199 சுவர்கள்

25 மீட்டர் குளத்தில் 5 கிலோமீட்டர் என்றால் 200 லென்த், அதாவது சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை 200 தடவை. 199 தடவை சுவரைக் காலால் உதைத்துக் கிளம்புகிறோம். ஒரு உதைக்கு 4 மீட்டர் சும்மா சறுக்கிக்கொண்டு போகிறோம் என்று வைத்தாலும் மொத்தத்தில் 800 மீட்டர் நாம் நீந்துவதே இல்லை. அதோடு ஒவ்வொரு சுவரிலும் தோளுக்கு இரண்டு விநாடி ஓய்வு, ஒரு நல்ல மூச்சு, கண்ணுக்கு ஒரு அடையாளம். குளத்தில் 3 கிலோமீட்டர் சுலபமாகப் போகிறவர் ஏரியில் ஒன்றரையில் நின்றுவிடுவதற்கு அலையையும் ஆழத்தையும் விட இந்தச் சுவர்தான் காரணம் என்பது என் அனுபவம்.

அதனால் செப்டம்பர் இரண்டாவது வாரம் ஒரு பழக்கத்தைத் தொடங்கினோம். குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு சுவருக்குக் கொஞ்சம் முன்னால் 'டி' மாதிரி முடியும். அங்கேயே திரும்பிவிட வேண்டும். சுவரைக் கையாலும் தொடக்கூடாது, காலாலும் உதைக்கக்கூடாது. நின்ற இடத்திலிருந்து மறுபடியும் வேகம் பிடிக்க வேண்டும். முதல் நாள் பத்து லென்த்துக்கே அவருக்குக் கை கனத்துவிட்டது. 100 மீட்டருக்கு 2 நிமிடம் 26 விநாடி என்பது 2 நிமிடம் 41 விநாடி ஆனது. டீச்சர் நோட்டைத் திறந்து பழைய அடிக்கோட்டை அடித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. கடலில் தெரிய வேண்டியது குளத்திலேயே தெரிந்துவிட்டது.

கண்ணை மூடி நீந்தவும் வைத்தேன். ஆள் இல்லாத தடத்தில், நான் கூடவே கரையில் நடந்தபடி. பன்னிரண்டாவது கை வீச்சில் இடது பக்கக் கயிற்றில் மோதினார். மறுபடியும் செய்தால் மறுபடியும் இடது பக்கம். வலது கை உள்ளே போகும்போது தலைக்கு நேராகக் குறுக்கே வெட்டியது, அதுதான் அவரைத் திருப்பியது. கடலில் இப்படி இழுத்தால் 5 கிலோமீட்டர் ஐந்தரை ஆகிவிடும். வலது கையைத் தோளுக்கு நேராக, தண்டவாளத்தில் போவது போல வைக்கச் சொல்லித் திருத்த ஆறு வாரம் ஆனது. கிணற்றிலும் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றிப் பழகியிருந்தார். அதையும் மாற்றி வலமாகப் பத்து, இடமாகப் பத்து என்று வைத்தோம்.

கிணற்றை நாங்கள் விடவில்லை. சனிக்கிழமை மாலை அங்கேதான். சுவரைப் பிடிக்காமல் 40 நிமிடம் சுற்றுவது, நடுவில் நின்ற நிலையில் காலை மட்டும் அசைத்து மிதந்தபடி டம்ளரில் குடிப்பது. இதற்குக் கிணற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்று மட்டும் கட்டாயம். இறங்குவதற்கு முன் மோட்டாருக்குப் போகும் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கிணற்றில் மின்சாரம் பாய்ந்து போன உயிர்களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

தோள்

காலாண்டு விடுமுறையில் ஒரு தவறு நடந்தது. அந்தப் பொறுப்பு என்னுடையது. வாரம் 7 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தவர் பள்ளி லீவு என்பதால் தினமும் வருகிறேன் என்றார், நானும் சரி என்றேன். அந்த வாரம் 10 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டார். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று எல்லோருக்கும் சொல்கிற நான் இவருடைய உற்சாகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். திங்கட்கிழமை போர்டில் எழுதக் கை தூக்கும்போது வலது தோளின் முன்பக்கம் சுருக்கென்று வலித்திருக்கிறது. வகுப்பில் பாதிக் கணக்கை வலது கையால் எழுதிக்கொண்டே இடது கையால் தோளைப் பிடித்தபடி நின்றேன் என்று சொன்னார்.

பத்து நாள் கை வீச்சு கிடையாது. பலகையைப் பிடித்து வெறும் கிக் மட்டும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டித் தோளை வெளிப்பக்கமாகத் திருப்பும் பயிற்சி, காலையும் மாலையும் பதினைந்து தடவை. வலி போனது. அந்தப் பட்டை இன்றும் அவருடைய சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. அதற்குப் பிறகு மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைப்பது என்று வைத்துக்கொண்டோம். ஜனவரியில் வாரம் 12 கிலோமீட்டர் தொட்டோம், அதற்கு மேல் போகவில்லை.

ஏரி

எங்கள் பக்கத்து ஏரிகளில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான் தண்ணீர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, நல்ல வருடமாக இருந்தால் மார்ச் வரை. காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரிகளும் மோர்தானா அணையும் கண்ணுக்கு ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மதகு பக்கமும் அணைப் பக்கமும் நீச்சல் பயிற்சிக்கான இடம் இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன ஏரி. ஊர்க்காரர்களிடம் கேட்டோம். மீன் குத்தகை எடுத்தவரிடமும் கேட்டோம். எங்களுக்கு மிகப் பெரிய உதவி செய்தது அந்த மீன்காரர்தான்.

ஆகஸ்டில், ஏரி காய்ந்து கிடக்கும்போதே போய்ப் பேசினோம். "நல்ல நேரத்துல வந்தீங்க சார். தண்ணி வந்துட்டா உள்ள என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. இப்பவே நடந்து பார்த்துடுங்க" என்றார். மூன்று பேரும் ஏரிக்குள் நடந்தோம். அலைகரைப் பக்கம் வெட்டிய சீமைக் கருவேலத்தின் அடிக்கட்டைகள், முழங்கால் உயரம், முனை ஈட்டி மாதிரி. நடுவில் மண் அள்ளிய குழிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல், ஓரம் செங்குத்து. நல்ல ஏரி என்று நம்பி இறங்கும் பிள்ளைகள் திடீரென்று காணாமல் போவது இந்தக் குழிகளில்தான். மீன்காரர் வலை கட்டும் கோட்டையும் காட்டினார். டீச்சர் அவ்வளவையும் கட்டத் தாளில் ஒரு கட்டம் பத்து மீட்டர் என்று வரைந்துகொண்டார். கடைசியில் கட்டையும் இல்லாமல், வலையும் இல்லாமல், கரைக்கு இணையாக 350 மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை கிடைத்தது. நவம்பரில் அந்தத் தாள்தான் எங்களுக்கு வரைபடம்.

முதல் நாள் ஏரி நீச்சல் நன்றாகப் போகவில்லை. ஆரஞ்சு மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மீன்காரர் தெர்மாக்கோல் தெப்பத்தில் பக்கத்தில் வந்தார், நான் கூட நீந்தினேன். 150 மீட்டரில் நின்றுவிட்டார். மூச்சு குட்டி குட்டியாக வந்தது, கண் பெரிதாகிவிட்டது. மல்லாந்து படுக்கச் சொல்லி மிதவையைப் பிடிக்க வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அண்ணா, எங்க கெணத்துல அடியே தெரியாது, எனக்குப் பயம் இருந்ததில்ல. இங்க கரை தெரியுது, ஆனா உடம்பு நடுங்குது. கையை நீட்டினா என் விரலே எனக்குத் தெரியல."

அந்த வார்த்தையை நான் நிறைய யோசித்தேன். கிணற்றில் நாலு பக்கமும் சுவர். எந்தப் பக்கம் போனாலும் பத்துக் கை வீச்சில் ஒரு கல் படி கிடைக்கும். அவருடைய தைரியத்துக்கு அந்தச் சுவர்தான் துணையாக இருந்திருக்கிறது. அதனால் அடுத்த இரண்டு வாரம் தூரத்தை மறந்துவிட்டோம். இருபது நிமிடம் தண்ணீரில் இருப்பது மட்டும்தான் வேலை. மல்லாந்து மிதப்பது, கண்ணை மூடி மிதப்பது, மிதவையை விட்டுவிட்டு மிதப்பது. பாசி காலில் பட்டால் உதறாமல் அப்படியே விடுவது. முகத்தை உள்ளே வைத்து, மூச்சை நீளமாக வெளியே விடுவது. உள்ளே இழுப்பது தானாக நடக்கும், வெளியே விடுவதைத்தான் பயம் நிறுத்திவிடுகிறது. மூன்றாவது வாரம் 350 மீட்டர் பட்டையில் நாலு தடவை போய் வந்தார்.

திசை பார்ப்பதையும் ஏரியில்தான் கற்றோம். எட்டுக் கை வீச்சுக்கு ஒரு தடவை கண் மட்டும் வெளியே வர வேண்டும், முதலை மாதிரி. மூச்சை அங்கே எடுக்கக்கூடாது. பார்த்துவிட்டுத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து எடுக்க வேண்டும். கிணற்றுப் பழக்கம் தலையை முழுசாக வெளியே இழுக்கும், அதை அடக்குவதற்கு நிறைய நாள் பிடித்தது. பார்க்கும் அடையாளமும் உயரமாக, கரையில் நிலையாக இருக்க வேண்டும். நாங்கள் ஒற்றைப் பனை ஒன்றை வைத்துக்கொண்டோம்.

தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர் நம் மாவட்டத்தில் உண்டு என்பதால், எந்த ஏரியாக இருந்தாலும் வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இறங்காதீர்கள்.

பானகம்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீந்தினால் வழியில் சாப்பாடு வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தோ சர்க்கரையோ உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நான் முதலில் கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்துக் கொடுத்தேன். நம் ஊர் உணவு, உடம்புக்குப் பழக்கம் என்ற நம்பிக்கை. ஒரு டம்ளர் குடித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது, குப்புறப் படுத்ததும் நெஞ்சுக்கு ஏறியது. கூழ் நிலத்தில் நிற்பவருக்கான உணவு.

டீச்சரின் மாமியார் அதுவரை இந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை "கெணத்துல குதிச்ச வரைக்கும் போதாதாம்மா" என்று கேட்டதோடு சரி. கூழ் கதையைக் கேட்டதும், "வெயில்ல தேர் இழுக்கறவனுக்கு என்ன ஊத்தறோம்? பானகம்தானே?" என்றார். 250 மில்லி தண்ணீரில் 30 கிராம் வெல்லம், கொஞ்சம் உப்பு, சுக்குத் தூள், நாலு சொட்டு எலுமிச்சை. அரை மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் மணிக்கு 60 கிராம் வெல்லம், கணக்கு அச்சாகப் பொருந்தியது. இருபது விநாடியில் குடித்துவிடலாம். உப்புத் தண்ணீர் குடித்துக் குமட்டும்போது சுக்கு வயிற்றை அமர்த்தியதாகப் பிறகு டீச்சர் சொன்னார். துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், வெல்லத்தில் மணல் இருக்கும்.

உப்புத் தண்ணீர்

பொங்கல் முடிந்து இரண்டு சனிக்கிழமை கடலுக்குப் போனோம். விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் கிளம்பினால் ஏழுக்குள் தண்ணீரில் இருக்கலாம். காலை நேரம் முக்கியம். வெயில் ஏறக் கடல் காற்று எழும், அதோடு மேற்பரப்பு கலங்கிவிடும்.

முதல் தடவை கரை அலையைத் தாண்டவே நாலு முயற்சி ஆனது. உடைந்து வரும் அலையை நெஞ்சால் எதிர்த்தார், அது அவரைத் தூக்கிப் பின்னால் போட்டது. உள்ளூர் மீனவர் ஒருவர் கரையிலிருந்து கத்தினார்: "மோதாதம்மா, அடியில பூந்து போ!" அலை உடையும் முன் அடியில் மூழ்கி மணலைத் தொட்டு அந்தப் பக்கம் எழும்பினார். அதற்குப் பிறகு சிரமமே இல்லை. தாண்டிய பிறகு சந்தோஷமான ஒரு ஆச்சரியமும் இருந்தது. உப்புத் தண்ணீரின் அடர்த்தி கொஞ்சம் கூடுதல் என்பதால் இடுப்பு தானாக மேலே நின்றது. ஐந்து மாதம் நான் கத்திக் கத்திச் செய்ய வைத்ததைக் கடல் சும்மா செய்துவிட்டது.

கரைக்கு இணையாக 600 மீட்டர் தெற்கே போய் திரும்பினார். போக 14 நிமிடம், வர 22 நிமிடம். குளிர்காலத்தில் எங்கள் கரையில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே போகும் என்று மீனவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். டீச்சர் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து நோட்டை எடுத்தார். "அண்ணா, இது படகும் நீரோட்டமும் கணக்கு. நான் வருஷா வருஷம் நடத்தறது" என்றார். போகும்போது நிமிடத்துக்கு 42.9 மீட்டர், வரும்போது 27.3. சராசரி 35.1, அது அவருடைய வேகம். வித்தியாசத்தில் பாதி 7.8, அது நீரோட்டம். 5 கிலோமீட்டரில் பாதி நீரோட்டத்தோடு, பாதி எதிர்த்து என்றால் 58 நிமிடமும் 92 நிமிடமும், ஆக இரண்டரை மணி நேரம். நீரோட்டமே இல்லாமல் இருந்தால் 2 மணி 22 நிமிடம். போகும்போது கிடைக்கிற லாபம் வரும்போது ஆகிற நட்டத்தை ஈடு கட்டாது, ஏனென்றால் எதிர்த்துப் போகும் நேரம்தான் அதிகம். ஆகஸ்டில் அடிக்கோடு போட்ட 2 மணி 10 நிமிடம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் மூன்று மணிக்குள் இன்னும் இடம் இருந்தது, இந்தத் தடவை நம்பிக்கையான இடம்.

அந்த நாள் வேறு இரண்டு விஷயமும் சொல்லிக் கொடுத்தது. தேங்காய் எண்ணெய் கடலில் நிற்காது. கழுத்திலும் அக்குளிலும் உடை உரசி ரத்தம் கசிந்துவிட்டது. அடுத்த தடவை வாசலின் தடித்துப் பூசினோம். இரண்டாவது, உடை மாற்ற இடம். முழுக்கை நீச்சல் உடையில் கரையேறும் ஒரு பெண்ணைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மேலே போட்டுக்கொண்டால் கணுக்கால் வரை வரும் ஒரு பருத்தி அங்கியை அவரே தைத்துக்கொண்டார். தயாரிப்பில் இதற்கும் ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று ஆண்களான எங்களுக்குத் தோன்றுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது 50 நிமிடம் தாமதமானது. மிதவைகளை நட்டு முடிக்கவில்லையாம். காலை நாலரைக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லி அதற்குள் கரைந்திருக்கும். கையிலிருந்த ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தேன். தாமதத்துக்கென்று தனியாகச் சாப்பாடு கொண்டு போக வேண்டும்.

முதல் சுற்று 1 மணி 18 நிமிடம். திட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். முதல் இரண்டு பானகமும் கயாக்கில் (சின்னத் துடுப்புப் படகில்) இருந்தவர் நேரத்துக்கு நீட்டினார். இரண்டாவது சுற்றில் மூன்று விஷயம் சேர்ந்து வந்தது. தூரத்து மிதவை ஒன்று நங்கூரம் இழுத்துக்கொண்டு தெற்கே நகர்ந்துவிட்டது. மிதவையை மட்டும் பார்த்தவர்கள் அதோடு இழுபட்டார்கள். டீச்சர் முந்தின நாளே கரையில் ஒரு தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்திருந்தார், தொட்டியும் மிதவையும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்துத் தொட்டியை நம்பினார். அப்புறம் மூன்றாவது கிலோமீட்டர் தாண்டி ஒரு சொறி மீன் (ஜெல்லி மீன்) இடது முன்கையில் நெருப்புக் கோடு போட்டது. தேய்க்காமல், கடல் தண்ணீரிலேயே கையை அலசியபடி தொடர்ந்தார். மூச்சில் சிரமமோ முகத்தில் வீக்கமோ வந்தால் அங்கேயே கை தூக்கிவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம், அது வரவில்லை. அந்த நேரம் பார்த்து கயாக் வேறொருவருக்கு உதவப் போய்விட்டது, மூன்றாவது பானகம் கிடைக்கவில்லை. மிதவைப் பைக்குள் 200 மில்லி பாட்டில் ஒன்றைப் போட்டுவைத்திருந்தோம். மிதந்தபடியே பையைத் திறந்து குடித்திருக்கிறார். கிணற்றில் சனிக்கிழமை சனிக்கிழமையாகச் செய்தது.

நான் கரையில் தொலைநோக்கியோடு நின்றிருந்தேன். ஆரஞ்சுப் புள்ளி ஒன்று நகராமல் நிற்பது மட்டும்தான் தெரிந்தது, குடிப்பது தெரியவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு மிக நீளமாக இருந்தது. பிறகு கை தெரிந்தது, அப்புறம் இன்னொரு கை.

2 மணி 47 நிமிடம். கரையில் எழுந்து நின்றதும் கால் மடங்கியது. இவ்வளவு நேரம் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். அதனால் கடைசி நூறு மீட்டரில் காலை நன்றாக உதைக்கச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டாராம். மாமியார் அங்கியைப் போர்த்தி உட்கார வைத்தார். நாக்கு உப்பில் ஊறித் தடித்திருந்தது, முதல் பத்து நிமிடம் பேச்சு புரியவில்லை. முன்கையைத் தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தோம், அரை மணியில் எரிச்சல் பாதியானது. கோடு மட்டும் இரண்டு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போய், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 14 நிமிடம், 22 நிமிடம் கணக்கைப் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்.

ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். அவருக்கு முன் மிஹிர் சென் 1966-ல் பாக் நீரிணையைக் கடந்தார். அந்தப் பெயர்களை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். இனிமேல் டீச்சருடைய நோட்டையும் காட்டுவேன்.

அடுத்து ஒருவரைத் தயார் செய்தால் மாற்ற வேண்டியவை என்று எழுதி வைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முதல் நாளே. சுவர் தொடாத நீச்சல் முதல் மாதத்திலேயே. கடலுக்கு இரண்டு தடவை போதாது, நாலு தடவையாவது வேண்டும், அதில் ஒன்று கலங்கிய கடலாக இருக்க வேண்டும். லீவு வாரத்தில் கூடுதல் கிலோமீட்டர் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

டீச்சர் பத்துக் கிலோமீட்டர் பற்றிக் கேட்கிறார். ஏப்ரலில் ஏரி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. கருவேலக் கட்டைகள் மறுபடியும் வெளியே தெரிகின்றன, சிலதை மீன்காரர் பிடுங்கிவிட்டார். பட்டையை 500 மீட்டர் ஆக்கலாமா என்று பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உள்ளே நடக்கிறோம். கட்டத் தாளைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.